ஆறு லட்சத்தைப் பார்க்க வடக்குப்பட்டுக்குப் போனோம்

பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, பொழுது விடியும் நேரத்தில் தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் மூன்று பேர்: மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பெருமாள்சாமி அண்ணன், ரீலிங் பிரிவு சவரியம்மாள் அக்கா, டெஸ்டிங் லேபில் நூல் நம்பர் பார்க்கும் நான். வராதவர்கள் ஐந்து பேர். எங்கள் பக்கத்து நாலாவது ஆளான சண்முகம், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டான். மில் செக்ரட்டரியும் அவர் பக்கத்து மூவரும் வரவில்லை. நாங்கள் அவர்களிடம் சொல்லவே இல்லை.

இந்த எட்டுப் பேரும் சேர்ந்ததுதான் எங்கள் மில்லின் பி.எஃப். டிரஸ்ட். சம்பளத்தில் பிடிக்கிற வருங்கால வைப்பு நிதியைப் பெரும்பாலான கம்பெனிகள் சர்க்கார் ஆபீசுக்குக் கட்டிவிடும். திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் மில் பழைய மில். சர்க்காரிடம் விலக்கு வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தைத் தானே ஒரு டிரஸ்ட் வைத்து நடத்தியது. முதலாளி பக்கம் நாலு பேர், தொழிலாளி பக்கம் நாலு பேர். பணத்தைச் சர்க்கார் பத்திரங்களிலும் சர்க்கார் சொல்கிற வைப்புகளிலும்தான் போட வேண்டும் என்பது சட்டம்.

ஜனவரியில், பணம் எங்கெங்கே போட்டிருக்கிறது என்று லிஸ்ட் கேட்டேன். சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். கடைசி வரியில் ஆறு லட்சம் ரூபாய். ஒரு புதுக் கம்பெனிக்கு, புது ஜெனரேட்டர் வாங்க, வைப்பாகக் கொடுத்ததாக எழுதியிருந்தது. விலாசம் வடக்குப்பட்டு, ஒரகடம் வழி. அதற்கான தீர்மானத்தின் கீழே எட்டுக் கையெழுத்து. ஐந்தாவது என்னுடையது.

எப்போது போட்டேன் என்று யோசித்தேன். ஆயுத பூஜை அன்று. எங்கள் மில்லில் அன்று ஆபீஸ் அறையில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகங்களை அடுக்கி வைப்பார்கள். டிரஸ்டின் மினிட்ஸ் புத்தகமும் அதில் இருக்கும். பூஜை முடிந்ததும் சந்தனம் குங்குமத்தோடு அதை எடுத்து, வேண்டிய பக்கத்தை மட்டும் விரித்து நீட்டுவார் செக்ரட்டரி. "இன்னைக்குப் படிக்கக் கூடாதுப்பா. மங்களகரமா ஒரு கையெழுத்து மட்டும்." வருஷா வருஷம் இப்படித்தான். சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் படிப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதானே. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான சவரியம்மாள் அக்காகூட, "எல்லாரும் சாமி கும்புடுற எடத்துல நான் மட்டும் எதுக்கு எடக்குப் பண்ணணும்" என்று போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். இங்கிலீஷ் வாசிப்பான் என்பதற்காகவே என்னை டிரஸ்டி ஆக்கினார்கள். நானும் பொரியைக் கொறித்துக்கொண்டே போட்டேன்.

பெருமாள்சாமி அண்ணனுக்கு மார்ச் முப்பத்தொன்றோடு ரிட்டயர்மென்ட். வேடசந்தூரில் ஒரு மாவு மில்லை விலைக்குப் பேசி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். மீதியை பி.எஃப். வாங்கி ஏப்ரல் கடைசிக்குள் தர வேண்டும். லிஸ்ட்டைக் காட்டியதும் அவர் கோபப்படவில்லை. "அந்தப் பணத்தக் கண்ணால பாத்துட்டு வந்துருவோமா?" என்றார். அப்படித்தான் கிளம்பினோம்.

முதல் நாள் வீணாகப் போனது. தாம்பரத்தில் "வடக்குப்பட்டு போகுமா?" என்று கேட்டதற்கு ஒரு கண்டக்டர் தலையசைத்து ஏற்றிக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து மேடவாக்கம் பக்கத்தில் ஒரு வயல்வெளியில் இறக்கிவிட்டார். கம்பெனி எங்கே என்று பெட்டிக்கடையில் விசாரித்தோம். கடைக்காரர் எங்கள் பைகளை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரகடமா? அது அந்தாண்ட கீதுபா. இது வேற வடக்குப்பட்டு. யாரு உங்கள இங்க இட்டாந்தது?"

"கண்டக்டர்தான்."

"அவன் கேட்டதுக்கு வண்டிய வுட்டுட்டான். உங்க மேலயும் தப்பு கீது, அவன் மேலயும் தப்பு கீது. சோடா குடிக்கிறீங்களா?"

"ஒரு ஊருக்கு ஒரு பேரு வச்சா பத்தாதாய்யா இவங்களுக்கு" என்று முனகிக்கொண்டே அண்ணன் சோடா குடித்தார். திரும்பவும் தாம்பரம். அங்கிருந்து படப்பை பஸ்ஸில் ஏறும்போது மதியம் தாண்டிவிட்டது. அக்காவுக்கு மட்டும் எஞ்சின் மேல் உட்கார இடம் கிடைத்தது. கீழே சூடு தாங்காமல் எங்கள் இரண்டு பையையும் வாங்கி அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். என் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டதுபோல ஆகிவிட்டது.

இந்தப் பக்கத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அதிசயமாக இருந்தது. எங்கள் ஊரில் பிப்ரவரியிலேயே குழாயடியில் குடங்கள் வரிசை கட்டிவிடும். இங்கே பஸ் ஒரு ஏரிக்கரையை விட்டு இறங்கினால் அடுத்த ஏரிக்கரையில் ஏறுகிறது. தார் ரோட்டில் அறுத்த நெல்லைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸும் ஜல்லி லாரியும் அதன்மேல் ஏறிப் போய்க் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போகின்றன. டிரைவரும் ஒன்றும் சொல்வதில்லை. இவ்வளவு தண்ணீரும் நெல்லும் இருக்கிற இடத்தில் எதற்காகக் கம்பெனி கட்டுகிறார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "மெட்ராஸ் பக்கத்துல இருக்கு, அதான்" என்றாள். அதற்கு மேல் யோசிக்க அவளுக்குச் சூடு விடவில்லை.

படப்பையில் அக்காவின் அக்கா மகள் ரோஸ்மேரி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த வீட்டில்தான் இரண்டு இரவும் தங்கினோம். ஏரி மீன் குழம்பு வைத்திருந்தாள். புளி தூக்கல், காரம் எங்கள் ஊரில் பாதி. "ஏன் சித்தி, நல்லால்லியா?" என்று அவள் கேட்டதற்கு அக்கா, "நல்லாத்தான்டி இருக்கு, மொளகாயத்தான் காணோம்" என்றாள். பெருமாள்சாமி அண்ணன் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டு, குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

ரோஸ்மேரியின் புருஷன் ஜோசப் படப்பைக்காரர். பென்னலூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை. செகண்ட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"இன்னா அத்த, பி.எஃப். பணத்தப் பாக்க இம்மாந்தூரம் வந்துகினீங்களா? என் பணம் எந்தாண்ட கீதுன்னு எனக்கே தெரியாது. பிடிக்கிறாங்க. அவ்ளோதான்."

"நீங்க கேட்டதில்லையா மாப்ள?" என்றாள் அக்கா.

"சூப்பர்வைசராண்ட ஓ.டி. காசு கேக்கவே ஒரு மாசம் யோசிக்கணும். இதப் போயி யாராண்ட கேக்கறது?" கை கழுவிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "நாளான்னிக்கு எங்க கம்பெனிக்கு பி.எஃப். இன்ஸ்பெக்டர் வராராம். கணக்கு செக்சன்ல பரபரன்னு கீறாங்க."

மறுநாள் ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கினோம். நாலு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்து வடக்குப்பட்டுக்கு நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்களையும் ஏற்றிக்கொண்டது. மூட்டை மேல் உட்கார்ந்து போகும்போது இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே புதுக் காம்பவுண்டுச் சுவர். சுவருக்குள்ளே பெரும்பாலும் ஒன்றும் இல்லை. லிஸ்ட்டில் இருந்த கம்பெனி அதில் ஒன்று. போர்டு புதிதாக இருந்தது. சுவரின் வெளிப்பக்கம் நெடுக வரட்டி தட்டியிருந்தார்கள்.

கேட்டருகே வாட்ச்மேன். ஐம்பது வயது இருக்கும். பெயர் ஏகாம்பரம் என்று பிறகு சொன்னார்.

"இன்னா வோணும்?"

"திண்டுக்கல் மில்லுல இருந்து வர்றோம்யா" என்றார் அண்ணன்.

"ஹெட் ஆபீஸா? வாங்க வாங்க. மூணு மாசமா ஒரு ஆளு எட்டிப் பாக்கல. என் சம்பளமே மணியார்டர்லதான் வருது."

சவரியம்மாள் அக்காவுக்குப் பொய் ஒத்துவராது. "ஆபீஸ் ஆளுங்க இல்லண்ணே. நாங்க அங்க வேல பாக்குறவங்க."

"அது இன்னும் தேவல. ஆபீஸ்காரங்கன்னா நாற்காலி தேடணும்" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

மூங்கில் கட்டிலில் உட்காரவைத்து, வீட்டிலிருந்து வந்திருந்த கூழைக் கரைத்து வெங்காயத்தோடு கொடுத்தார். இந்த இடத்தில் முக்கால் காணி அவருடைய நிலமாம். விற்ற பணம் மகள் கல்யாணத்துக்குப் போனது. மகனுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். மிஷின் வரட்டும் என்றார்கள். "வரும் வரும்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் வந்துது. அதுக்கு நான் காவல். எம்மவன் டெய்லி சைக்கிள்ல சுங்குவார்சத்திரம் போயினு வரான்."

அந்த ஒன்றைப் பார்க்கப் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான ஷெட். நல்ல சிமெண்டுத் தரை. நடுவில் தார்ப்பாய் போர்த்தி ஒரு ஜெனரேட்டர். ஏகாம்பரம் பாயை விலக்கினார். பச்சை பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஆறு லட்சம் ரூபாயை நான் முதன்முதலாகப் பார்க்கிறேன். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். எனக்கு உண்மையில் ஆறுதலாகக்கூட இருந்தது. பணம் காணாமல் போகவில்லை, இங்கே நிற்கிறது.

பெருமாள்சாமி அண்ணன் தொடவில்லை. ஒரு சுற்றுச் சுற்றினார். சைலன்சர் பக்கம் நின்றார். மறுபடியும் ஒரு சுற்று.

"ஏகாம்பரம், டார்ச் இருக்கா?"

"கீதே. இன்னா, பாம்பா?"

அண்ணன் சட்டையைக் கழற்றித் தரையில் விரித்து மல்லாந்து படுத்து, ஜெனரேட்டரைத் தாங்கும் இரும்புப் படுகைக்குக் கீழே தலையை விட்டார். டார்ச் வெளிச்சம் உள்ளே அங்கும் இங்கும் போனது. விரலால் எதையோ தேய்க்கும் சத்தம்.

"பாண்டி, இங்கிட்டு வா. நீ படிச்சவன்தான, இதப் படி."

நானும் படுத்தேன். படுகையில் ஒரு பித்தளைத் தகடு, அதைச் சுற்றி ஒன்பது போல்ட். அதன் ஓரத்தில் பச்சை பெயிண்டுக்கு அடியில் இரும்பு அச்சால் குத்திய எண்.

"நாலு, ஒண்ணு, ஏழு."

"என் டோக்கன் நம்பர்."

எங்கள் மெயின்டனன்ஸில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ரிப்பேர் யார் செய்தாலும் கண்ணில் படாத இடத்தில் தன் டோக்கன் நம்பரைக் குத்திவிட வேண்டும். மறுபடியும் பழுதானால் யாரைக் கூப்பிட்டுத் திட்டுவது என்று தேட வேண்டாம் அல்லவா. படுகை விரிசல் விட்ட அந்த ஜெனரேட்டரை அண்ணன்தான் தகடு வைத்துத் தைத்தார். பிறகு அது உழைத்து ஓய்ந்து, நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய இரும்பு என்று எழுதி மில்லின் பின்பக்கம் ஒதுக்கப்பட்டது. ஏகாம்பரம் பேச்சிலிருந்து, இந்தக் கம்பெனிக்கும் ஹெட் ஆபீஸ் எங்கள் மில்தான் என்று தெரிந்தது. ஒதுக்கியதைத்தான் பெயிண்ட் அடித்து, புதிது என்று பில் போட்டு, தன்னுடைய இன்னொரு கம்பெனிக்கே விற்றிருக்கிறது மில். வாங்கிய கம்பெனி எங்கள் டிரஸ்ட் பணத்தைக் கொடுத்திருக்கிறது. ஆறு லட்சமும் சுற்றிக்கொண்டு மில் கல்லாவுக்கே போய்விட்டது. இங்கே நிற்பது பணம் இல்லை.

"புச்சுன்னாங்களே" என்றார் ஏகாம்பரம்.

"பெயிண்ட் புதுசுதான்யா."

"அப்ப இது ஓடாதா?"

"ஓடும். நான் பக்கத்துல நின்னா ஓடும்" என்று சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார் அண்ணன்.

மூன்றாம் நாள் காலையிலேயே பென்னலூர். ஜோசப்பின் கம்பெனிக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துகொண்டோம். அங்கே காஞ்சிபுரம் இட்லி கிடைத்தது. மிளகும் சுக்கும் தட்டிப் போட்டு, மந்தார இலையில் வேகவைத்தது. ஒன்று தின்றால் எங்கள் ஊர் இட்லி நாலு தின்ற மாதிரி. அண்ணன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். அதிலிருந்தே அவர் மனநிலை எங்களுக்குப் புரிந்தது.

இன்ஸ்பெக்டர் பதினொன்றரை மணிக்கு வெளியே வந்தார். கம்பெனி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் நிற்க, அவர் வேண்டாம் என்று கையாட்டிவிட்டுத் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு டீக்கடைக்கே வந்தார். நாற்பது வயது, ஒல்லி, தோளில் ரெக்சின் பை. நான் எழுந்துபோய், "சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றேன். பயத்தில் லிஸ்ட், தீர்மானம், ஆயுத பூஜை, பித்தளைத் தகடு, அண்ணன் மார்ச்சில் ரிட்டயர் ஆவது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"உங்க மில் மதுரை ஆபீஸ் லிமிட். நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். மொபெட்டைக் கிளப்பிவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் பெருமாள்சாமி அண்ணனைப் பார்த்து, "அந்த நம்பர் இப்பவும் தெளிவா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க."

"மதுரையில கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்களா சார்?" என்றேன்.

"இந்த வருஷ லிஸ்ட் ஏப்ரலுக்கு அப்புறம்தான் அவங்களுக்குப் போகும். போனாலும் என்ன பாப்போம்? சம்பளத்துல பிடிச்சது பதினஞ்சு தேதிக்குள்ள டிரஸ்ட்டுக்குப் போச்சான்னு பாப்போம். பத்திரம் பேங்க்ல இருக்கான்னு எழுதிக் கேப்போம். ஆடிட்டர் கையெழுத்து இருக்கா, உங்க எட்டுப் பேர் கையெழுத்து இருக்கா. கம்பெனிக்குக் குடுத்த வைப்புன்னு பாத்தா உடனே கேள்வி கேப்போம், அது நிச்சயம். ஆனா ஜெனரேட்டருக்கு அடியில போய் நாங்க படுக்கிறதில்ல. நான் ஒருத்தன் இந்த ரோடு பூரா பாக்கணும். தொழிலாளி பக்கம் நாலு பேரைச் சட்டம் எதுக்கு உள்ள உக்கார வச்சிருக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குத்திக்காட்டவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார்.

"எழுதிக் குடுத்தா என்ன ஆகும் சார்?" என்றாள் அக்கா.

"விசாரணை வரும். மில் பணத்தை வட்டியோட திருப்பிக் கட்டணும். விலக்கை ரத்து பண்ணுவாங்கன்னு நினைக்கிறேன். அப்புறம் எல்லாக் கணக்கும் சர்க்கார் ஆபீசுக்கு மாறும். மாறி முடியிற வரைக்கும் யாருக்கும் செட்டில்மென்ட் கிடையாது. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷம் ஆகலாம்."

"எழுதலன்னா?"

"அடுத்த மாசம் ரிட்டயர் ஆகுறவருக்குப் பணம் வந்துரும். இந்த மாசம் பிடிச்சதை எடுத்து அவருக்குக் குடுப்பாங்க. அவருக்குப் பின்னால வர்றவங்களுக்கு எதை எடுத்துக் குடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

"நாங்க கையெழுத்துப் போட்டதையும் சொல்லணுமா?"

"முதல் வரியே அதுதான். அவங்க சொல்றதுக்கு முந்தி நீங்க சொல்லிடணும்."

மதுரை ஆபீஸில் எந்தப் பிரிவுக்கு எழுத வேண்டும் என்று சிகரெட் அட்டையின் பின்னால் குறித்துக் கொடுத்தார். டீக்குக் காசு கொடுக்கப் போன அண்ணனைத் தடுத்துத் தன் டீக்குத் தானே கொடுத்துவிட்டு மொபெட்டில் ஏறினார்.

அதன் பிறகும் மூவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அக்காதான் ஆரம்பித்தாள். "அண்ணே, நீங்க மார்ச்சுல பணத்த வாங்கிருங்க. மாவு மில்ல எழுதி வாங்குங்க. மே மாசம் நானும் தம்பியும் எழுதிப் போடுறோம். மூணு மாசத்துல என்ன வந்துறப் போவுது?" எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சொல்லப்போனால் அக்கா சொன்னது எனக்குப் பெரிய நிம்மதி.

அண்ணன் கம்பெனி கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏகாம்பரம் நல்ல மனுசன். மணியார்டர் வர்ற எடத்துக்கு அவன் ஒரு கார்டு போடுவானா மாட்டானா? திண்டுக்கல்லுல இருந்து மூணு பேரு வந்தாங்க, அடியில படுத்துப் பாத்தாங்கன்னு எழுதுவான். தப்பாவும் எழுத மாட்டான், வேலைய ஒழுங்காப் பாக்குறவன் எழுதத்தான் செய்வான். அடுத்த நாளே ஒருத்தன் கிரைண்டரோட வந்து ஒரு தேய் தேய்ச்சா என் நம்பரு போச்சு. மே மாசம் எதக் காட்டுவ?"

"அப்ப உங்க மாவு மில்லுண்ணே?"

"அதுக்குத்தான இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பேப்பர் வாங்கிட்டு வா" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் தபால் ஆபீஸில் வைத்து எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் அண்ணன் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது தடவை ஒரு திருத்தம் சொன்னார்: ஒன்பது போல்ட் என்பதை எழுதவில்லை, எழுது என்றார். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். வெளியே வந்ததும் அக்கா, "செலவ டிரஸ்ட்ல எழுதிக்க முடியாதா தம்பி?" என்றாள். முடியாது, அது உறுப்பினர்கள் பணம் என்று சொன்னேன். "கேட்டேன், அவ்வளவுதான்" என்றாள். எங்களுக்குத் திண்டுக்கல் பஸ் கிடைக்க ரொம்ப நேரம் ஆனது.

மதுரை அதிகாரி ஒருவர் மார்ச் முதல் வாரமே வடக்குப்பட்டுக்குப் போய்ப் பார்த்தார். எண் அப்படியே இருந்தது. தகட்டின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டாராம். மில் ஆறு லட்சத்தையும் வட்டியையும் கட்டியது. விலக்கு ரத்தானது. எங்கள் கணக்குகள் சர்க்காருக்கு மாறின. இப்போது வருஷத்துக்கு ஒரு சீட்டு வருகிறது, தாமதமாகத்தான், ஆனால் வருகிறது. ஏகாம்பரத்தின் மணியார்டர் நின்றுவிட்டதாக ஜோசப் எழுதியிருந்தார்.

பெருமாள்சாமி அண்ணனுக்குப் பணம் அடுத்த ஜனவரியில் வந்தது. ஒரு பைசா குறையாமல் வந்தது. மாவு மில்லை அதற்குள் வேறொருவர் வாங்கி ஓட்ட ஆரம்பித்திருந்தார். சொன்ன தேதி தாண்டிவிட்டது என்று விற்றவர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. அது தன் நஷ்டம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அண்ணன் பிடிவாதமாக நின்றார். "கையெழுத்துப் போடும்போது மூணு பேருந்தான போட்டோம், காசுன்னா மட்டும் நீங்க தனி ஆளா?" என்று அக்கா ஒரு சத்தம் போட்டதும்தான் இறங்கி வந்தார். சண்முகத்திடம் நாங்கள் கேட்கவில்லை. பஸ்ஸும் சாப்பாடும் நானூற்று முப்பத்தெட்டு, மூவருக்கும் மூன்று நாள் சம்பளப் பிடித்தம் நானூற்று இருபது, தபால் செலவு பன்னிரண்டு, போன அட்வான்ஸ் ஆயிரத்து ஐந்நூறு. ஆக இரண்டாயிரத்து முந்நூற்று எழுபது. தலைக்கு எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.